குண்டு விழுந்த பாறையும் குந்திய ராஜாவும்

முன்னொரு காலத்தில், கடலோரத்து ராஜ்யம் ஒன்றை உதயகேது என்ற அரசர் ஆண்டுவந்தார். அவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் குடிமக்கள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "நன்றாகச் சிரிப்பார்" என்று மட்டும் சொல்வார்கள். அவரைச் சிரிக்க வைப்பதற்கென்றே அரண்மனையில் வெண்காடன் என்ற விகடன் இருந்தான்.

வெண்காடனுக்கு ஒரு கணக்கு உண்டு. அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்போது வாளின் பிடியிலிருந்து கை விலகும். கை மறுபடி வாளுக்குப் போவதற்குள் யாரையாவது காப்பாற்றி வெளியே தள்ளிவிடலாம். இப்படி ஒரு தோட்டக்காரனை, ஒரு பாடகியை, உப்பு அதிகமாகப் போட்ட ஒரு சமையற்காரனை அவன் காப்பாற்றியிருந்தான். ஆனால் சமீப காலமாக அவன் ஒன்றைக் கவனித்து வந்தான். ஆள் பிழைத்தாலும் செத்தாலும் அரசரின் சிரிப்பு ஒரே மாதிரிதான் இருந்தது. இது தெரிந்த நாளிலிருந்து அவனுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ராஜ்யத்தின் வடகோடியில் பரங்கியர் கோட்டை கட்டிக்கொண்டு மிளகும் துணியும் வாங்கி விற்று வந்தார்கள். அரசரின் தகப்பனார் தானமாகக் கொடுத்த மணல்மேடு அது. மணல்மேட்டில் கோட்டை எழுந்தது, கோட்டையில் பீரங்கி ஏறியது. பீரங்கி ஏறிய பிறகு, அவர்கள் அரசருக்குக் குனிந்து போட்ட கும்பிடு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்துவிட்டது.

அந்தக் கோட்டையின் கப்பித்தான் ஒரு நாள் அரசருக்குத் தூரதிருஷ்டிக் குழல் ஒன்றைப் பரிசாக அனுப்பினான். அரசர் அதை எடுத்துக்கொண்டு உப்பரிகைக்கு ஏறினார். சபையும் பின்னாலேயே ஏறியது. குழலைக் கண்ணில் வைத்துக் கடலைப் பார்த்த அரசர் துள்ளிக் குதித்தார்.

"எவ்வளவு தூரம் தெரிகிறது! இன்றுமுதல் என் கண்ணுக்கு எட்டுவது எல்லாம் என்னுடையது!"

"உத்தமமான ஆணை!" என்றார் தலைமை அமைச்சரான பிரதானி அம்பலவாணர். சபை முழுவதும் அதையே திருப்பிச் சொன்னது.

வெண்காடன் மட்டும் குழலைக் கேட்டு வாங்கி, தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். "மகாராஜா, இந்தப் பக்கம் வைத்துப் பார்த்தால் நம் ராஜ்யம் ஒரு கொட்டைப்பாக்கு அளவுதான் தெரிகிறது. எந்தப் பக்கம் கண் வைப்பது என்பதையும் ஆணையில் சேர்த்துவிட்டால் நல்லது."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். அம்பலவாணர் சிரிக்கவில்லை. வெண்காடன் வாங்கும் ஒவ்வொரு சிரிப்பும் தன் மடியிலிருந்து எடுத்த காசு என்றே அவர் நினைப்பார்.

சிரித்து முடித்த அரசர் மறுபடி குழலைத் திருப்பியபோது, கோட்டைக்கு எதிரே கடலுக்குள் மூன்று கரும்பாறைகள் தெரிந்தன. உச்சியில் குழி விழுந்து உரல் மாதிரி இருப்பதால் கரையோர மீனவக் குப்பத்து மக்கள் அவற்றை உரல்பாறைகள் என்பார்கள். கடல் உள்வாங்கும் வற்றத்தில் யானைகள் படுத்திருப்பது போல இருக்கும். கடல் பெருகும் ஏற்றத்தில் இரண்டு முழுகிவிடும். மூன்றாவதில் ஒருவர், நெருக்கினால் இருவர் குந்தியிருக்கலாம்.

"அந்தப் பெரிய பாறையில் ஒருவன் குந்தியிருக்கிறானே, யார் அவன்? இருபுறமும் இரண்டு படகுகள் வேறு நிற்கின்றனவே?"

அம்பலவாணர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். அவன் மாசாணன் என்ற மீனவன். பாறையில் மட்டிச் சிப்பி எடுக்கப் போனவனைப் பரங்கிச் சிப்பாய் ஒருவன் விரட்டியிருக்கிறான். அந்தச் சிப்பாய் செத்துப்போனான். மாசாணன் கொன்றுவிட்டான், பிடித்துத் தூக்கில் போடுவோம் என்கிறான் கப்பித்தான். கோட்டைப் பீரங்கிக் குண்டு எதுவரை விழுகிறதோ அதுவரை அவர்களுடைய எல்லையாம். குண்டு பாறையைத் தாண்டி விழுகிறதாம்.

"பாறை என் கண்ணுக்கு எட்டுகிறதே!" என்றார் அரசர்.

"அதனால்தான் நம் படகும் அங்கே நிற்கிறது, மகாராஜா. யார் முதலில் பாறையில் கால் வைத்து அவனைப் பிடித்தாலும் மற்றவருக்கு அது யுத்தம். ஆகவே இருவரும் பிடிக்கவில்லை. பாறை நம்முடையது என்று முடிவானால், நட்புக்காக நாமே அவனைத் தூக்கிலிட்டுக் காட்ட வேண்டும். அவர்களுடையது என்றால் அவர்கள் போடுவார்கள்."

அரசர் குழந்தையைப் போல உதட்டைப் பிதுக்கினார். "எனக்குப் பாறை வேண்டும். சண்டை வேண்டாம். பழியும் வேண்டாம்."

அம்பலவாணரின் முகம் மலர்ந்தது. "வெண்காடனின் புத்திக்கு இது எம்மாத்திரம், மகாராஜா? குழலைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்தவர் பாறை யாருடையது என்று சொல்ல மாட்டாரா? அமாவாசைக்குள் சொல்லட்டும். சொல்ல முடியாவிட்டால், சபையில் வாய் திறப்பதை அன்றோடு நிறுத்திக்கொள்ளட்டும்."

"அருமை!" என்று கைதட்டினார் அரசர். "முடியாவிட்டால் நாக்கை அறுத்துவிடலாம்." அதையும் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வெண்காடன் படியிறங்கி வந்தான். எந்தப் பதில் சொன்னாலும் அந்த மீனவனின் கழுத்தில் கயிறு விழும். பாறை யாருடையது என்று யாருக்கும் தெரியாதவரைதான் அவனுக்கு உயிர். அந்தத் தெரியாததைத் தெரிய வைக்கும் வேலையை வெண்காடனிடம் கொடுத்துவிட்டார்கள்.

அரண்மனை வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். புடவை முழங்கால்வரை உப்பில் விறைத்திருந்தது. வாசற்காவலர்கள் அவளை விரட்டி விரட்டிச் சலித்துப்போயிருந்தார்கள்.

"நீங்கதான ராசாவச் சிரிக்க வைக்கிறவரு?"

"ஆமாம் தாயே. நீ யார்?"

"பேச்சாயி. பாறையில குந்தியிருக்கிறது எம்புருசன்."

அவளே பேசினாள்.

"அவரு அந்தாளத் தள்ளல சாமி. பாசி வழுக்குது, அந்தாளு காலுல பெரிய தோலுச் செருப்பு. வழுக்கித் தண்ணிக்குள்ள போனான். இவரு கைய நீட்டுனாரு. அந்தாளு புடிக்கல. கரையிலேருந்து நானே பாத்தேன். நான் பாத்தத யாரு கேக்குறா?"

"சாப்பாட்டுக்கு என்ன செய்கிறான்?"

"பச்சை மட்டிய உடைச்சித் திங்கிறாரு. அன்னைக்குப் பேஞ்ச மழைத்தண்ணி குழியில கெடக்கு, அதக் குடிக்கிறாரு. நான் கஞ்சி எடுத்துக்கிட்டுக் கட்டுமரத்துல போனா ரெண்டு பக்கமும் துப்பாக்கியக் காட்டுறாங்க. நம்ம படகும்தான் காட்டுது, சாமி." அவள் நிறுத்திவிட்டு வெண்காடனின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "வாடைக்காத்து தொடங்கிருச்சு. கடல் எழும்பிச்சுன்னா பாறை மேல அலை ஏறும். ஒங்களால முடியும்னு குப்பத்துல சொன்னாங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க. நான் நீந்திப்போயி அவருகூடக் குந்திக்கிறேன்."

முடியாது என்று சொல்லத்தான் வெண்காடன் வாயைத் திறந்தான். "கொஞ்சம் பொறு" என்று வந்துவிட்டது. அன்று முழுவதும் கடற்கரை மணலில் உட்கார்ந்து, தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்த அந்த மனிதனையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். இருபுறமும் படகுகள் ஆடின. ஆள் மாற்றி ஆள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். அந்தப் புள்ளி மட்டும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் சபைக்குக் கப்பித்தானும் வந்திருந்தான். அவனுக்கு நம் மொழி ஓரளவு தெரியும். தெரியாத இடத்தில் சத்தத்தைக் கூட்டிக்கொள்வான்.

வெண்காடன் நடுவில் வந்து நின்றான். "மகாராஜா, கண் எட்டும் இடம் தங்களுடையது. கப்பித்தான் அவர்களே, குண்டு எட்டும் இடம் தங்களுடையது. பாறையில் கண்ணும் பட்டது, குண்டும் விழுகிறது. கண் பட்டால் திருஷ்டி கழிக்கலாம், குண்டு பட்டால் குழி தோண்டலாம். ஆனால் ஓர் இடத்துக்குச் சொந்தக்காரர் யார் என்று ஊரில் எப்படிக் கேட்பார்கள்? அங்கே குந்தியிருப்பது யார் என்றுதானே கேட்பார்கள்?"

"அதனால்?" என்றான் கப்பித்தான்.

"வற்றம் தொடங்கி ஏற்றம் முடியும்வரை யார் எழாமல் அந்தப் பாறையில் குந்தியிருக்கிறாரோ, பாறை அவருடையது. அங்கே நடந்ததற்கு நியாயம் சொல்லும் அதிகாரமும் அவருடையது. இரு தரப்பும் சம்மதித்தால் சண்டையில்லாமல் முடிந்துவிடும்."

கப்பித்தான் யோசித்தான். தன் சிப்பாய்களில் பாறையைவிடக் கெட்டியானவர்கள் இருந்தார்கள். "சம்மதம். ஒரு சிப்பாயை அனுப்புகிறேன்."

"சிப்பாய் குந்தினால் பாறை சிப்பாய்க்குப் போய்விடுமே! தங்கள் ராஜா கடலுக்கு அப்பால் இருக்கிறார், அவருக்குப் பதில் தாங்கள். எங்கள் ராஜா உப்பரிகையில் இருப்பார், அவருக்குப் பதில்..." வெண்காடன் அம்பலவாணர் பக்கம் திரும்பிக் கைகூப்பினான். "அரசரின் இடத்தில் உட்காரும் தகுதி பிரதானியைத் தவிர வேறு யாருக்கு உண்டு?"

அம்பலவாணர் வெளிறிப்போனார். அரசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நடக்கட்டும்! நான் குழலில் பார்க்கிறேன்." எல்லாரும் கேட்க, இரு தரப்பும் வாக்குக் கொடுத்தார்கள்.

குறித்த நாளில் வற்றம் தொடங்கியதும் படகுகள் பாறைக்குப் போயின. நடுவனாக வெண்காடனும் ஒரு வள்ளத்தில் போனான். கடல் என்றாலே அவனுக்குப் பயம், நீச்சலும் தெரியாது. வள்ளத்தின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

மாசாணனை அவன் கிட்டத்தில் பார்த்தது அப்போதுதான். உதடு வெடித்திருந்தது. தோள் தோலுரிந்து வெளுத்திருந்தது. உச்சிக்குழியை அணைத்தாற்போலக் குந்தியிருந்தவன், வருகிறவர்கள் தன்னைப் பிடிக்க வருகிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"தம்பி, என்ன நடந்தாலும் எழுந்திருக்காதே" என்றான் வெண்காடன்.

"எந்திரிச்சி எங்க அய்யா போவப்போறேன்" என்றான் அவன்.

அம்பலவாணருக்குத் திண்டு, குடை, வெற்றிலைச் செல்லம் எல்லாம் வந்து இறங்கின. கப்பித்தானுக்கு நாற்காலி வந்தது. வெண்காடன் கையை உயர்த்தினான்.

"மன்னிக்க வேண்டும். பாறையில் குந்தியிருப்பது நாற்காலி. தாங்கள் நாற்காலியில் அல்லவா இருக்கிறீர்கள்? அப்புறம் பாறையை நாற்காலிக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். பிரதானி அவர்களே, திண்டுக்கும் அதேதான்."

நாற்காலியும் திண்டும் படகுக்குத் திரும்பின. இருவரும் வெறும் பாறையில் உட்கார்ந்தார்கள். மட்டி ஓடுகள் கத்தி மாதிரி இருக்கும். அம்பலவாணர் ஒரு பக்கம் சாய்ந்தார், மறு பக்கம் சாய்ந்தார், கடைசியில் அழுகிற குரலில் சிவ சிவா என்றார். வெயில் உச்சிக்கு ஏறி இறங்கியது. பிறகு ஏற்றம் தொடங்கியது. முதலில் பாதம் நனைந்தது, அப்புறம் இடுப்பு. வாடைக்காற்றில் எழும்பி வந்த ஓர் அலை அம்பலவாணரின் தலைப்பாகையை அவிழ்த்து ஒரு முனையைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டது. "இது நிலமே அல்ல, தண்ணீர்! தண்ணீர்!" என்று கத்திக்கொண்டு அவர் படகில் உருண்டு விழுந்தார்.

கப்பித்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். அவன் தைரியசாலிதான். ஆனால் அவனுடைய தோல் காலணிகளுக்குள் கடல் புகுந்து கனத்துவிட்டது. அடுத்த அலை அவனைப் புரட்டிப் போட்டது. பாசியில் வழுக்கிக்கொண்டே போனவனின் முகத்துக்கு நேராக, உச்சியிலிருந்து ஒரு கை நீண்டது. மாசாணனின் கை.

கப்பித்தான் அதைப் பிடித்துக்கொண்டான்.

மாசாணன் இன்னொரு கையால் குழியின் விளிம்பைப் பற்றியபடி, குந்திய இடம் விட்டு எழாமலே அவனை இழுத்துப் படகின் பக்கம் தள்ளிவிட்டான். சிப்பாய்கள் தூக்கிக்கொண்டார்கள்.

ஏற்றம் முடிந்தபோது பாறையில் குந்தியிருந்தது ஒரே ஓர் ஆள்தான்.

சபை கூடியது. ஈரத்துணியில் சுருண்டிருந்த அம்பலவாணரையும் தும்மிக்கொண்டிருந்த கப்பித்தானையும் பார்த்துக்கொண்டே வெண்காடன் சொன்னான்: "வாக்குப்படி பாறை, எழாமல் குந்தியிருந்தவருடையது. அவர் பெயர் மாசாண மகாராஜா. ஒரு ராஜாவை இன்னொரு ராஜா தூக்கில் போட முடியாது. அவர் ராஜ்யத்தில் நடந்ததற்கு அவரே நியாயம் சொல்லட்டும்."

அரசர் சிம்மாசனத்திலிருந்து சரிந்தே விட்டார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பேச்சாயி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். நீண்ட நாளுக்குப் பிறகு வெண்காடனின் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

அப்போது கப்பித்தான் எழுந்தான். தன்னை இழுத்துவிட்ட கையைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. "வாக்கு வாக்குதான். குந்தியிருக்கிறவரை அவன் ராஜா. எழுந்தால்? பாறையை விட்டு எழுந்ததால்தானே நானும் பிரதானியும் பாறையை இழந்தோம்? அவன் எழுந்தாலும் இழப்பான். அப்போது அவன் வெறும் கொலைகாரன். என் படகு அங்கேயே காத்திருக்கும்."

அரசர் மறுபடி சிரித்தார். அதே சிரிப்பு, அதே அளவு. "பலே! இதுவும் நன்றாக இருக்கிறது, வெண்காடா! உன்னையே மடக்கிவிட்டான்!"

வெண்காடன் திரும்பி வாசலைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. அரசரின் கை இன்னும் வயிற்றில்தான் இருந்தது. இனிக் கொஞ்ச நேரம்தான்.

"மகாராஜா! எனக்கு வெகுமதி உண்டல்லவா?"

"கேள், கேள்."

"புதிதாக ஒரு ராஜா பக்கத்தில் வந்திருக்கிறார். அண்டை நாட்டு ராஜாவை விருந்துக்கு அழைப்பது மரபு. மாசாண மகாராஜாவை அழைத்து ஒரு வேளை சோறு போட்டு, எல்லைவரை பல்லக்கில் கொண்டுபோய் விடும்படி ஆணையிடுங்கள். அதுவே என் வெகுமதி."

விருந்து என்றதும் அரசருக்கு இன்னும் குஷி பிறந்தது. "அப்படியே ஆகட்டும்! விருந்தாளிமேல் யாரும் கை வைக்கக் கூடாது. எல்லைவரை என் பல்லக்கே போகும்."

அம்பலவாணர் ஈரத் தலையோடு எழுந்தார். "விருந்துக்கு ராஜா வந்துவிட்டால் பாறை காலியாகிவிடுமே, மகாராஜா? அவர் திரும்பும்வரை அவருக்குப் பதிலாக ஒருவர் குந்தியிருக்க வேண்டும். திரும்பாவிட்டால் அவருக்குரிய தண்டனை இவருக்கு. வெண்காடனைவிடத் தகுதியானவர் வேறு யார்?"

கப்பித்தான் தலையசைத்தான். அரசர் கைதட்டினார். "வெண்காடா, உனக்கு ஒரு ராஜ்யமே கிடைத்துவிட்டது! இதைவிட வெகுமதி வேண்டுமா?"

எதிரே நின்ற முகங்களெல்லாம் வெண்காடன் ஏதாவது சொல்லுவான், சிரிக்கலாம் என்று காத்திருந்தன. அவன் குனிந்து கும்பிட்டான். அதற்கும் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் பல்லக்குத் தூக்கிகளைத் தேடிப்போனான். அவர்களில் ஒருவன் முன்பு அவன் காப்பாற்றிய தோட்டக்காரனின் அண்ணன்.

"அரசர் என்ன ஆணையிட்டார்?"

"விருந்தாளிய எல்லை வரைக்கும் கொண்டுபோயி விடச் சொன்னாருங்க."

"எந்த எல்லை என்று சொன்னாரா?"

அவன் தலையைச் சொறிந்தான். "சொல்லலீங்களே."

"நமக்கு நாலு பக்கமும் எல்லை இருக்கிறது. தெற்கு எல்லையும் எல்லைதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு ராஜா. அங்கே இறக்கிவிடு. விருந்தாளியின் மனைவியையும் ஏற்றிக்கொள்."

பல்லக்குத் தூக்குபவன் அவனை ஏறிட்டுப் பார்த்தான். "அப்ப நீங்க?"

"நான் ராஜாவாகிவிட்டேன். என்னைப் பற்றிக் கவலைப்படாதே."

மறுநாள் வெண்காடனைப் பாறையில் இறக்கினார்கள். மாசாணனுக்கு எழுந்து நிற்கக் கால் வரவில்லை. இரண்டு பேர் தூக்கி வள்ளத்தில் வைத்தார்கள். வெண்காடன் அவன் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னான்.

"நான் திரும்பி வரலைன்னா ஒங்கள என்ன பண்ணுவாங்க அய்யா?"

"நான் குந்தியிருக்கும்வரை ஒன்றும் செய்ய முடியாது. அதுதானே சட்டம்? நானே செய்த சட்டம்."

"மழைத்தண்ணியில அலைத்தண்ணி கலக்காம பாத்துக்குங்க. பாசிப் பக்கம் காலு வைக்காதீங்க." மாசாணன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை. வள்ளம் நகர்ந்தபோதுதான் கைகள் பிரிந்தன.

விருந்து தடபுடலாக நடந்ததாம். மாசாணன் சோற்றைப் பார்த்து அழுததாகவும், அதைக் கண்டு அரசர் சிரித்ததாகவும் பிற்பாடு சொன்னார்கள். பல்லக்கு தெற்கே போனது, போனதுதான். தூக்கிகள் திரும்பி வந்து, "எல்லையில விட்டுட்டோம் மகாராசா" என்றார்கள். அரசர் அதற்கும் சிரித்தார். கப்பித்தான் சிரிக்கவில்லை. அவனுடைய படகு வெண்காடனைச் சுற்றி நெருங்கி வந்து நின்றது.

வெண்காடன் குந்தியிருந்தான். முதல் சில நாட்கள் குப்பத்துக்காரர்கள் சிப்பாய்களைக் கெஞ்சிக் கஞ்சி கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்களிடம் வேடிக்கையாக ஏதாவது சொல்வான். அவர்களும் பாவம் பார்த்துச் சிரித்துவைப்பார்கள். பிறகு கடல் எழும்பியது. குப்பத்துக் கட்டுமரங்களும் வரவில்லை, பரங்கிப் படகும் கரைக்கு ஓடிவிட்டது. இப்போது அவன் இறங்கிப் போகலாம், தடுக்க ஆளில்லை. சுற்றிக் கடல் மட்டும் இருந்தது, அவனுக்கு நீச்சல் தெரியாது.

ஏற்றத்தில் அலை மார்பில் அறையும். குழியின் விளிம்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான். மழையைக் குடித்தான். மட்டியை உடைத்துத் தின்னக் கற்றுக்கொண்டான், விரல்கள் கிழிந்தன. ஆரம்பத்தில், சபையில் சொல்ல இதை வைத்து என்ன விகடம் செய்யலாம் என்று யோசித்தான். பிறகு அந்த யோசனை நின்றுபோனது. தான் காப்பாற்றியவர்களின் முகங்களை நினைத்துப் பார்த்தான். காப்பாற்ற முடியாதவர்களின் முகங்கள் அவற்றைவிட அதிகமாக வந்தன. அவர்கள் சாகும்போதும் தான் ஏதோ வேடிக்கை சொல்லி அரசரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அலைச்சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால் வாய்விட்டு அழுதான். பேச்சாயியும் மாசாணனும் ஆற்றைத் தாண்டியிருப்பார்கள் என்று நினைக்கும்போது மட்டும் கொஞ்சம் மூச்சு வந்தது.

தை பிறந்து கடல் அடங்கிய பிறகு, ஒரு காலைப்பொழுதில் குப்பத்துக் கிழவர் ஒருவர் கட்டுமரத்தில் வந்தார். வெண்காடன் உயிரோடு இருப்பதைக் கண்டு அவர் கைகூப்பினார்.

"அய்யா, எறங்குங்க. ஏன் இன்னும் குந்தியிருக்கீங்க?"

"இறங்கினால் கப்பித்தான் பிடித்துக்கொள்வானே, பெரியவரே."

கிழவர் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார். "ஒங்களுக்குத் தெரியாதா? பாறையத்தான் ராசா கப்பித்தானுக்குக் குடுத்துட்டாரே. ஐப்பசியிலேயே குடுத்தாச்சு. பறவை வந்து கூவுற கடிகாரம் ஒண்ணு குடுத்தான், அதுக்குப் பதிலா மூணு பாறையும் எங்க குப்பத்துக் கரையும் போச்சு. எங்கள மூட்ட முடிச்ச எடுத்துக்கிட்டுப் போங்கன்னுட்டாங்க. இந்த மரம் ஒண்ணுதான் பாக்கி."

"செத்துப்போன சிப்பாய்?"

"அதப்பத்தி இப்ப யாரு பேசுறா?"

வெண்காடன் மாசாணனைப் போலவே எழ முடியாமல், கிழவரின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். கோட்டைக்கு முன்னாலேயே மரம் போனது. மதில்மேல் நின்ற சிப்பாய் ஒருவன் கொட்டாவி விட்டான். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

தாடியும் சிரங்குமாக அவன் சபைக்குள் நுழைந்தபோது வாசற்காவலர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. அம்பலவாணர் அரசருக்குப் பக்கத்தில் இன்னும் நெருக்கமாக உட்கார்ந்திருந்தார். அரசர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அப்புறம் தொடையில் தட்டிக்கொண்டார்.

"வெண்காடனா! அடடே, நீ இன்னும் அங்கேயா இருந்தாய்? உன்னை நான் சுத்தமாக மறந்தே போனேனே!"

சபை இடிந்து விழுவது போலச் சிரித்தது. அரசர் எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டார். "பாவம், உனக்கு ஏதாவது செய்ய வேண்டும். என்ன வேண்டும், சொல்."

வெண்காடன் அரசரின் முகத்தை நேராகப் பார்த்தான். "அடுத்த தடவை மறக்கும்போது, மறந்துவிட்டேன் என்று ஒரு ஆள் மூலம் சொல்லியனுப்புங்கள், மகாராஜா. இறங்கிக்கொள்கிறேன்."

அவன் அதை விகடமாகச் சொல்லவில்லை. அந்தச் சபையில் அவன் மனதறிந்து கேட்ட வரம் அது ஒன்றுதான்.

அரசர் சிரித்தார். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், உட்கார்ந்து சிரித்தார், மூச்சு வாங்கி மறுபடி சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி வெண்காடனுக்குப் போட்டார். ஒரு கிராமத்தையும் எழுதி வைக்கச் சொன்னார். "வெண்காடனுக்கு நிகர் வெண்காடன்தான்!" என்றார்.

வெண்காடன் மாலையோடு குனிந்து கும்பிட்டான். அவன் தோள்கள் குலுங்கின. அவனும் சிரிக்கிறான் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.